ஒரு கார்பன் குறைவு

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோயிலில் மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டினார்கள்.

பெரிய வெள்ளியன்று மணியின் நாக்கைக் கட்டிவிடுவார்கள். கட்டைச் சத்தம் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது நான் அடுப்பில் பீன்ஸ் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பால் ஊற்றி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டாயிற்று. கொதிக்க வேண்டியதுதான் பாக்கி.

மிர்த்தா பின்வாசல் வழியாக வந்தாள். என் தம்பி எலிஹியோவின் மனைவி. காலில் செருப்பு இல்லை.

"அண்ணி, அவன் காலையிலேருந்து வாந்தி எடுக்கிறான்."

"நேத்து குடிச்சது."

"குடிச்சா வாந்தி எடுக்க மாட்டான். தூங்குவான். இன்னைக்கு எந்திரிச்சு உட்கார்ந்துக்கிட்டு, ஜன்னலைத் திறன்னு சொல்றான்."

"திற."

"திறந்துதான் இருக்கு."

அடுப்பை அணைத்தேன்.

அவர்கள் வீடு மூன்றாவது வேலியைத் தாண்டி. போகிற வழியில் மிர்த்தா இன்னொன்றும் சொன்னாள். கிழவர் தியோஃபிலோ விடியற்காலையில் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே.

"நல்ல நாள்ல போயிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னைக்குப் போனா நேரா மேலதானாம். வரிசை கிடையாதாம்."

"நேத்து எலிஹியோவோட அவரும் டோமினோ ஆடினாரா?"

"நாலு பேரும்தான் ஆடினாங்க. ஏன்?"

எலிஹியோ முற்றத்தில் ஆடும் நாற்காலியில் இருந்தான். நாற்காலி ஆடவில்லை. வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அவன் கண்ணைச் சுருக்கவில்லை. கருமணிகள் பெரிதாக விரிந்து அப்படியே நின்றன.

"யாரு, அக்காவா? காபி வாசனை இல்லையே. தேங்காய் வாசனைதான் வருது."

"என்ன தெரியுது உனக்கு?"

"பால். கண்ணுக்குள்ள பால ஊத்தின மாதிரி. நீ நிக்கிறது தெரியுது. மூஞ்சி இல்ல."

உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கினான். வாயில் சாராய வாசனை இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று மத்தியானம் கிரீனோ வீட்டு மரத்தடியில் ஆட்டம் போட்டிருக்கிறார்கள். கிரீனோ புதுக் கேன் ஒன்றைத் திறந்திருக்கிறான். கரும்புச் சாராயம்.

"சுத்தமான சரக்கு, அக்கா. மூடியில ஊத்திப் பத்த வெச்சுக் காட்டினான். நீலமா எரிஞ்சுது. புகையே இல்ல."

"எப்ப நிறுத்தின?"

"பொழுது சாய. கோயில்ல விளக்கு ஏத்தினதும் கிளாஸைக் கவுத்து வெச்சிட்டேன். தியோஃபிலோவும் கவுத்தாரு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். ஜனவரியில் அவன் மகள் யாமிலேயை டெங்கு போட்டு அடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரிலிருந்த மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டான். குழந்தை பிழைத்தால், உயிரோடு இருக்கும்வரை, ஒவ்வொரு வருடமும் பெரிய வியாழன் பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை உயிர்ப்பு மணி அடிக்கும்வரை ஒரு சொட்டு குடிப்பதில்லை. மிர்த்தா பக்கத்தில் இருந்தாள். குழந்தை பிழைத்தது. எட்டு வயது. இது முதல் வருடம்.

"படுத்துக்க. உள்ள கூட்டிட்டுப் போ, மிர்த்தா. நான் கிரீனோவைப் பார்த்துட்டு வரேன்."

"அவனைத் திட்டாதே அக்கா. நல்ல சரக்குதான்."

கிரீனோ எதிர் வீடு. யாமிலேயின் ஞானத்தகப்பன். நான் டீச்சரான முதல் வருடம் என்னிடம் வேதியியல் படித்தவன். லிமொன்சியோப் பழ மரத்தடியில் நேற்றைய மேசை அப்படியே இருந்தது. டோமினோக் காய்களைக்கூட எடுக்கவில்லை. ரேடியோவில் பாட்டு ஓடியது. ஊரில் அன்று ரேடியோ பாடிய வீடு அது ஒன்றுதான். கிரீனோவின் கையில் கடையில் வாங்கிய ரம். முத்திரை உடைத்த பாட்டிலில் பாதி இருந்தது.

"வாங்க டீச்சர். இன்னைக்கும் கிளாஸா? கிறிஸ்துவே லீவுல இருக்காரு."

"நேத்து என்ன ஊத்தின?"

"கரும்புச் சாராயம்."

"யாரு காய்ச்சினது?"

கிளாஸைச் சுழற்றினான். "ஏன், உங்க தம்பி புகார் குடுத்தானா?"

"தியோஃபிலோ செத்துட்டாரு."

"கேள்விப்பட்டேன். வயசாச்சு. பன்றித் தோலைப் பொரிச்சுப் பொரிச்சு சாப்பிடுவாரு. நான் எப்பவோ சொன்னேன்."

"எலிஹியோவுக்குக் கண்ணு தெரியல."

ரேடியோவை நிறுத்தினான். நேற்று எல்லோரும் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நான் பத்த வெச்சுப் பார்த்தேன், டீச்சர். எல்லாரும் பார்த்தாங்க. நீலம். கெட்ட சரக்கு மஞ்சளா எரியும், கரி பிடிக்கும். என் அப்பன் காட்டிக் குடுத்தது."

"ரெண்டும் நீலமாத்தான் எரியும்."

"எது ரெண்டும்?"

எங்கள் ஊரில் முதல் மூடியை எரித்துக் காட்டாமல் யாரும் யாருக்கும் ஊற்றுவதில்லை. விருந்தாளி முன்னால் எரிப்பது மரியாதை. எரிக்காமல் ஊற்றினால் சண்டை வரும். எரிந்த மூடியைப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கிரீனோவும் கேட்கவில்லை.

"எங்க வாங்கின?"

"டவுன்ல. மேசை நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கிறவன் ஒருத்தன். ஆல்கஹால்னுதான் சொன்னான். பாஸ்காப் பண்டிகைக்கு எல்லாரும் கேக்குறாங்க, காய்ச்சினது பத்தல. கலந்தேன். மோந்து பார்த்தேன், ருசி பார்த்தேன். நம்ம சரக்கவிட இனிப்பா இருந்துது."

"வார்னிஷ் கரைக்கிற ஆல்கஹால்."

"ஆல்கஹால் ஆல்கஹால்தானே?"

"உனக்கு ரெண்டு தடவை ஃபெயில் போட்டேன்."

"போட்டீங்க. சந்தோஷமா இருங்க."

கார்பனுக்கு நான்கு கைகள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். லிமொன்சியோக் கொட்டைகளையும் தீக்குச்சிகளையும் கொடுத்துக் கோக்கச் சொல்வேன். ஒரு கொட்டை, நான்கு குச்சி. ஒரு கொட்டையின் கையை இன்னொரு கொட்டை பிடித்தால் இரண்டு. இப்படியே பிடித்துக்கொண்டு போனால் சர்க்கரை, எண்ணெய், கரும்பு, மாடு, மனிதன். ஒரு கார்பன் இருந்தால் பெயர் மெத் என்று தொடங்கும். இரண்டு இருந்தால் எத். பிள்ளைகள் கத்திச் சொல்வார்கள். பரீட்சையில் மாற்றி எழுதுவார்கள். மாற்றி எழுதினால் ஒரு மதிப்பெண் போகும்.

ஒரு கார்பன் உள்ளது வார்னிஷ் கரைக்க. இரண்டு கார்பன் உள்ளது குடிக்க. இரண்டும் நிறமில்லாதவை. இரண்டும் தண்ணீரோடு கலக்கும். இரண்டும் மூடியில் நீலமாக எரியும்.

"நீ எவ்வளவு குடிச்ச?" என்று கேட்டேன்.

"எல்லாரையும்விட அதிகம். என் வீடு, என் கேன்."

"கண்ணு?"

"உங்க நரைமுடிய எண்ணிச் சொல்லவா?"

"வாந்தி? தலைவலி?"

"ஒண்ணும் இல்ல. அதான் சொல்றேன், சரக்குல தப்பு இருந்தா முதல்ல நான்தானே போயிருக்கணும்?"

"அவங்க எல்லாம் போனப்புறம் என்ன பண்ணின?"

"கடை பாட்டிலைத் திறந்தேன்."

"எப்ப நிறுத்தின?"

"நிறுத்தினேன்னு யாரு சொன்னா? கிறிஸ்து செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன், நானா ஆணி அடிச்சேன்?"

அவன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தேன்.

ஈரல் இரண்டையும் ஒரே கத்தியால்தான் நறுக்கும். இரண்டு கார்பன் வந்தால் அதை முதலில் எடுக்கும். ஒரு கார்பன் வரிசையில் நிற்கும். நிற்கும்வரை அது பெரிய கெடுதல் செய்வதில்லை. அதன் முறை வரும்போதுதான் விஷம். நறுக்கினால் முதலில், பள்ளி அலமாரியில் தவளை மிதக்கிறதே, அந்தத் திரவம். அதையும் நறுக்கினால் எறும்பின் அமிலம். அது இரத்தத்தில் ஏறும். கண்ணின் நரம்பில் முதலில் போய் உட்காரும்.

கிரீனோ நிறுத்தவில்லை. அவனுடைய விஷம் இன்னும் வரிசையில் நின்றது. தியோஃபிலோவும் என் தம்பியும் கோயில் விளக்கைப் பார்த்ததும் கிளாஸைக் கவிழ்த்துவிட்டார்கள்.

"நாலாவது ஆள் போலோ எங்க?"

"ஆத்தங்கரையில. மச்சான்களோட. அவனும் என்னை மாதிரிதான், பக்தி கம்மி."

"போன் போடு. டவுனுக்குக் கிளம்பச் சொல்லு. கடை ரம்மை மட்டும் குடிக்கச் சொல்லு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு."

கிரீனோ என்னை உற்றுப் பார்த்தான். பிறகு போன் போட்டான். "போலோ, குடிக்கிறதை நிறுத்தாதே. சிரிக்காதேடா. டீச்சர் உத்தரவு."

நான் அவசர எண்ணுக்குப் போட்டேன். ஆம்புலன்ஸ் எல்லாம் கடற்கரைச் சாலையில் நிற்கின்றன என்று ஒரு பெண் சொன்னாள். விடுமுறை. கடலில் மூழ்குகிறவர்களுக்காக. எங்கள் ஊர் மருத்துவ நிலையத்தில் பூட்டுத் தொங்கியது. டவுன் ஆஸ்பத்திரியில் மூன்றாவது முயற்சியில் ஒரு டாக்டர் எடுத்தார். இளைஞன் குரல். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார்.

"கண்ணு எப்பலேருந்து?"

"காலையில."

"மூச்சு?"

"வேகமா இருக்கு."

"முத்திரை உடைக்காத ரம் இருக்கா?"

"பாதி பாட்டில் இருக்கு. கடையில வாங்கினது. நல்லது. குடிச்சவன் என் எதிர்ல நிக்கிறான்."

"குடுங்க. உடனே குடுங்க. அப்புறம் எந்த வண்டி கிடைச்சாலும் ஏத்துங்க. வழியெல்லாம் நான் சொல்ற அளவுல குடுத்துக்கிட்டே வாங்க."

"வேற மருந்து?"

"இதுக்குன்னு ஒண்ணு இருக்கு. எங்ககிட்ட இல்ல. இங்க வந்தாலும் நான் ரம்தான் குடுப்பேன், ரத்தத்தைக் கழுவுற வரைக்கும். லேட் பண்ணாதீங்க."

ஊரில் அன்று ஓடுகிற வண்டி கடைக்காரரின் பிக்கப் ஒன்றுதான். அது சிலுவைப்பாதைக்கு ஒலிபெருக்கியைச் சுமந்துகொண்டு மேட்டில் போய்க்கொண்டிருந்தது. ஜனம் பின்னால் நடந்தது.

"போய் இறக்கிக் கொண்டா," என்றேன்.

"பாதி வழியில கிறிஸ்துவை இறக்கிவிடச் சொல்றீங்களா?"

"ஆமா."

"முதல்ல இதக் குடிக்க வெப்போம். ரெண்டு பேர் இருந்தா நல்லது. அவன் பிடிவாதக் கழுதை. உங்களுக்குத் தெரியும்."

எலிஹியோ உள்ளறையில் படுத்திருந்தான். மிர்த்தா கீழே வாந்திப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். யாமிலே கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வெள்ளை கவுன். சிலுவைப்பாதைக்குப் போவதற்காகக் காலையிலேயே உடுத்திவிட்டது.

கிளாஸில் ஊற்றி அவன் வாயருகில் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரம்."

"மருந்து. டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு, கிரீனோவா? அவன் வந்திருக்கான்னு வாசனையே சொல்லுது."

"கொம்பாத்ரே," என்றான் கிரீனோ; ஞானத்தகப்பன் பிள்ளையின் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவான். "அது வார்னிஷ் தண்ணியாம். எனக்குத் தெரியாது. என் அம்மா மேல சத்தியம்."

எலிஹியோ குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு சிரித்தான். "அப்ப உள்ள எல்லாம் பளபளன்னு இருக்கும்."

நான் அவனுக்குச் சொன்னேன். வகுப்பில் சொல்வதைவிட எளிதாகச் சொன்னேன். ஒன்று, இரண்டு. கத்தி ஒன்று. எது முதலில் வெட்டுப்படும், எது காத்திருக்கும். நீ நிறுத்தினதால்தான் அது தொடங்கியது என்றேன். இப்போது குடித்தால் மிச்சம் இருப்பது நிற்கும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. உயிர் தங்கலாம்.

"அக்கா, நீ சொல்றது எல்லாம் கரியைப் பத்தி."

"உன் ஈரலைப் பத்தி."

"நான் வாக்குக் குடுத்தது ஈரலுக்கு இல்ல. நீ அந்த வராந்தாவுல இருந்தியா? இல்ல. நானும் இவளும்தான் இருந்தோம். நர்ஸு வந்து, கடைசி ஜெபத்துக்குப் பாதிரியார் வேணுமான்னு கேட்டா. பாதிரியார். எட்டு வயசுப் பிள்ளைக்கு. அப்பதான் மாதாகிட்ட கேட்டேன். குடுத்தாங்க. வாங்கிட்டு, முதல் வருஷமே நான் ஏமாத்தினா?"

"மருந்தாக் குடிச்சா ஏமாத்துறது இல்ல."

"ஒவ்வொரு குடிகாரனும் அதான் சொல்லுவான்."

டாக்டருக்கு மறுபடி போட்டு, போனை அவன் காதில் வைத்தேன். டாக்டர் பொறுமையாகப் பேசினார். எலிஹியோ முழுவதையும் கேட்டான்.

"டாக்டர், உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்ல."

"அப்ப போனை வைங்க."

கிரீனோவுக்குப் பொறுக்கவில்லை. "பிடிங்க டீச்சர்" என்று சொல்லிக் கட்டிலில் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்தான். நான் கிளாஸைச் சாய்த்தேன். உதட்டில் பட்டிருக்கும். எலிஹியோ இரண்டு கையாலும் வீசினான். அவன் கை எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. கிளாஸ் சுவரில் உடைந்தது. பாட்டில் சாய்ந்து மெத்தையில் கொட்டியது. நான் நிமிர்த்துவதற்குள் கால் பங்குதான் மிஞ்சியது. தலையணை, அவன் சட்டை, தரை எல்லாம் ரம். அறை முழுக்க அந்த வாசனை.

எலிஹியோ துப்பினான். திரும்பத் திரும்பத் துப்பினான். சட்டைக் கையால் நாக்கைத் துடைத்தான்.

"உள்ள போகல," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. "உள்ள போகல. பார்த்துக்கங்க."

கிரீனோ கீழே உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். "என் தலையில பழியைப் போட்டுட்டுப் போகாதே, கொம்பாத்ரே. நான் எப்படி இந்த ஊர்ல நடப்பேன்?"

"நேரா நட. உனக்குத்தான் கண்ணு தெரியுதே."

கிரீனோ எழுந்து போனான். அவன் மோட்டார் சைக்கிள் மேட்டுப் பக்கம் ஏறும் சத்தம் கேட்டது. அங்கே பாட்டும் கட்டைச் சத்தமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. வண்டி இறங்கி வந்தாலும், டவுனுக்கு மலைப்பாதை. மணிக்கணக்கில் ஆகும்.

எலிஹியோவின் மூச்சு இன்னும் வேகமாயிற்று. விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. எதையோ இரத்தத்திலிருந்து ஊதித் தள்ளப் பார்க்கிற மூச்சு அது. அமிலம் ஏறினால் உடம்பு அப்படித்தான் செய்யும். என்னால் எழுதிக் காட்ட முடியும். கரும்பலகையில் இடமிருந்து வலமாக, அம்புக்குறியோடு.

"அக்கா."

"சொல்லு."

"பால் போயிடுச்சு. இப்ப வெறும் இருட்டு."

மிர்த்தா எழுந்து அவன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாள். பிறகு அந்தக் கையைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

"தாகமா இருக்கு," என்றான். "உங்க ரெண்டு பேர் கையால வேணாம். நீங்க எதையாவது கலப்பீங்க. யாமி கொண்டுவரட்டும். அவ என்கிட்ட பொய் சொல்ல மாட்டா."

நாங்கள் சமையலறைக்குப் போனோம். மிர்த்தா கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் அவனுக்குக் கேட்கும். பாட்டிலை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்; முடிவை அவள்தான் எடுக்க வேண்டும். அந்த வராந்தாவில் இருந்தது அவர்கள் இரண்டு பேரும்தான்.

"அண்ணி, நீ பாடத்துல சொல்றது தப்பாப் போனது உண்டா?"

"நான் தப்பாச் சொன்னது உண்டு. அது தப்பாப் போனது இல்ல."

"இப்ப நீ தப்பாச் சொல்லலையே?"

"இல்ல. டாக்டரும் அதையேதான் சொன்னாரு."

"யாமி விஷயத்துல என்ன சொல்ற? டாக்டர் இவளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"இவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"அதுவும் பாடத்துல இருக்கா?"

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "எனக்கு ரெண்டு பேரும் வேணும்," என்றாள்.

பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் கத்தி எடுப்பதில்லை. கிறிஸ்துவின் உடம்பில் படும் என்பார்கள். ரொட்டியைக்கூடக் கையால் பிய்ப்பார்கள். மிர்த்தா கத்தியை எடுத்தாள். புளிப்பு ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கிப் பிழிந்தாள். சர்க்கரை போட்டாள். நிறையப் போட்டாள். பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றிக் கலக்கினாள். மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். அவள் கையிலும் என் உடையிலும் அறையிலும் ஏற்கெனவே அதே வாசனைதான். எது கிளாஸிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

யாமிலே எங்கள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"என்னம்மா?"

"அப்பா இதைக் குடிச்சா எனக்குத் திரும்பக் காய்ச்சல் வருமா?"

"வராது."

"ஆனா அப்பா சொன்னாரே. அதைக் குடுத்துத்தான் என்னை வாங்கினாராம்."

குனிந்து அவள் உயரத்துக்கு வந்தேன். "உனக்குக் காய்ச்சல் கொசுவால வந்துது. ஆஸ்பத்திரியில நரம்பு வழியாத் தண்ணி ஏத்தினாங்க, ஞாபகம் இருக்கா? அதனால போச்சு."

"அப்ப அப்பாவோட நேர்ச்சை?"

"அது அப்பா உன் மேல வெச்ச ஆசை."

அவள் யோசித்தாள். எட்டு வயதுக்கு அது போதிய பதில் இல்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. புறங்கையைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வைப்பதைப் போல.

"என்னன்னு கேட்டா?"

"ஆரஞ்சுன்னு சொல்லு," என்றாள் மிர்த்தா. "ஆரஞ்சுதானே நறுக்கினேன். நீ பார்த்தியே."

"அதையும் ஊத்தினீங்களே."

"யாமி."

"சரிம்மா."

கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். தளும்பாமல் நடந்தாள். நாங்கள் பின்னால் போய் நிலையில் நின்றோம். மேட்டில் பாட்டு நின்றிருந்தது. ஒலிபெருக்கியில் யாரோ கிரீனோவைத் திட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒலிபெருக்கியும் நின்றது. வண்டியைக் கொடுத்துவிட்டார்கள் போலிருந்தது.

"யாரு?"

"நான்தான்."

எலிஹியோ முழங்கையை ஊன்றி எழுந்தான். அதற்கே அவனுக்கு மூச்சு முட்டியது. கையை நீட்டிக் காற்றில் தேடினான். கிளாஸைத் தாண்டிப் போய் அவள் தோளைத் தொட்டான், கழுத்தைத் தொட்டான், நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

"சூடு இல்ல," என்றான்.

"இல்லப்பா."

கை இறங்கிக் கிளாஸைக் கண்டுபிடித்தது. அவள் விரல்களுக்கு மேலாகப் பிடித்தான். கிளாஸ் இருவர் கையிலும் இருந்தது. மூக்கருகில் கொண்டுபோனான். மோந்தான். தலையணையை மோந்தான், தன் சட்டையை மோந்தான், மறுபடி கிளாஸை மோந்தான். மிர்த்தா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள்.

யாமிலே திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"அவங்களைப் பார்க்காதே," என்றான் எலிஹியோ. அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "என்னைப் பாரு. நீ சொன்னா நான் குடிக்கிறேன். சொல்லு யாமி, இதுல ரம் இருக்கா?"